மூட்டைக்கும் வாய்க்கும் நடுவில்

1992 டிசம்பர் 9. இன்னும் விடியவில்லை. மொகாதிசு கடற்கரையில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். எதிரி ஒருத்தனும் இல்லை. கரையில் காத்துக்கிடந்ததெல்லாம் தொலைக்காட்சிக்காரர்கள்தான். விளக்கைப் போட்டு, கேமராவைத் தோளில் ஏற்றி, முன்கூட்டியே வந்து நின்றார்கள். உலகம் பார்த்தது. பசித்தவனுக்குச் சோறு கொண்டுபோகிற படை என்று சொன்னார்கள். 'நம்பிக்கையை மீட்கும் நடவடிக்கை' என்று பெயரும் வைத்தார்கள்.

இந்தக் காட்சியில் இரண்டே பாத்திரங்கள். கொடுக்கிறவன் ஒருத்தன். அவனுக்குக் கப்பல் இருக்கிறது, கொடி இருக்கிறது, பேச்சு இருக்கிறது. வாங்குகிறவன் இன்னொருத்தன். அவனுக்கு எலும்பும் கண்ணும் மட்டும் இருக்கின்றன, பேச்சு இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை பஞ்சத்தைப் பற்றி வந்த புகைப்படம், செய்திப்படம், கதை, கட்டுரை எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டு பேர்தான். வலதுசாரிக்குக் கொடுக்கிறவனின் கருணை தெரிகிறது. இடதுசாரிக்குக் கொடுக்கிறவனின் சூழ்ச்சி தெரிகிறது. இரண்டு பேரும் பார்ப்பது அதே படத்தைத்தான்.

என் கேள்வி வேறு. மூட்டை கப்பலிலிருந்து இறங்கிவிட்டது. வாய் திறந்தபடி இருக்கிறது. நடுவில் நின்றவன் யார்? அவனைப் பற்றி நம் விமர்சனம் ஏன் பேசவில்லை?

1

பசிக்குச் சாதி இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் 1992இல் சோமாலியாவில் செத்தவர்கள் யார் என்று கேட்டுப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது.

சியாத் பார்ரேயின் சர்வாதிகாரம் 1991 ஜனவரியில் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த பஞ்சத்தில் இரண்டு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் பேர்வரை செத்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை நாடு முழுக்கப் பொய்த்தபோது சாவு மட்டும் ஏன் ஓரிடத்தில் குவிந்தது? ஜூபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் விவசாய பூமியில்தான் பிணங்கள் விழுந்தன. பைதோவா நகரத்துக்குச் 'சாவு நகரம்' என்றே பேர் வந்தது. அங்கே இருப்பவர்கள் ரகன்வெய்ன் மக்கள். சோளம் விளைவித்து, மாடும் வளர்க்கிறவர்கள். அறுத்த சோளத்தைக் குழி தோண்டி மண்ணுக்கடியில் சேமித்து வைப்பது அவர்கள் வழக்கம். மழை இல்லாத வருஷத்துக்கு அந்தக் குழிதான் துணை. தோற்று ஓடிய பார்ரேயின் படை ஒருமுறை, துரத்தி வந்த படை இன்னொருமுறை என்று மாறிமாறி அந்தக் குழிகளைத் தோண்டியெடுத்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். வறட்சி வந்தபோது குழி காலியாக இருந்தது.

அமார்த்யா சென் 1981இல் எழுதிய புத்தகத்தில் சொன்னது இதுதான்: பஞ்சத்தில் மக்கள் சாவது நாட்டில் உணவு இல்லாததால் மட்டும் அல்ல, உணவின்மேல் அவர்களுக்கு உரிமை இல்லாமல் போவதால். நான் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். உரிமை யாருக்கு முதலில் போகும் என்பதை வானம் தீர்மானிப்பதில்லை. ஊர் தீர்மானிக்கிறது.

அமெரிக்கப் படை இறங்கியபோது பைதோவாவில் சாவின் உச்சம் முடிந்துபோயிருந்தது. ஆகஸ்ட், செப்டம்பரிலேயே சாகவேண்டியவர்கள் செத்துவிட்டார்கள். கேமரா டிசம்பரில் வந்தது. பிறகு 1993-94இல் ஐ.நா. படையின் பகுதியாக இந்தியப் படைப்பிரிவும் அதே பைதோவா வட்டாரத்தில் நின்றது. ஆகவே இது நமக்கும் முற்றிலும் சம்பந்தமில்லாத ஊர் அல்ல.

2

சோமாலியர்கள் எல்லோரும் ஒரே இனம், ஒரே மதம், ஒரே மொழி என்று பாடப்புத்தகங்கள் எழுதும். ஒற்றுமை என்று யாராவது ரொம்ப அழுத்திச் சொன்னால் நமக்குக் காது நிமிர வேண்டும். யாரை மறைப்பதற்காக இந்த ஒற்றுமை?

அங்கே கபோயே என்று அழைக்கப்படும் மக்கள் இருக்கிறார்கள். மித்கான், மதிபான் என்றும் பேர் உண்டு. தோல் பதனிடுவது, செருப்புத் தைப்பது, முடி வெட்டுவது, வேட்டையாடுவது அவர்கள் தொழில். தூமால் என்பவர்கள் இரும்படிக்கிறவர்கள். யிபிர் என்பவர்கள் தாயத்துக் கட்டுகிறவர்கள். 'மேல்' குலத்தார் இவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். மீறிக் கட்டினால் அடி, விலக்கு, கட்டாய மணமுறிவு. இதைப் படிக்கும் உங்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

ஆற்றோரத்தில் இன்னொரு மக்கள். ஜரீர் என்கிறார்கள். சுருட்டை முடிக்காரன் என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மொசாம்பிக், மலாவி பகுதிகளிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் வாரிசுகள் இவர்களில் பெரும்பங்கு. அடிமை என்று பொருள்படும் 'அதூன்' என்ற வசவு இன்றும் அவர்கள் காதில் விழுகிறது. பாண்டு என்ற பெயரில் வெளியுலகம் அறிந்திருப்பதும் இவர்களைத்தான். ஊருக்கே சோளமும் வாழையும் விளைவித்துக் கொடுத்த கை அது. 1999இல் அமெரிக்கா இவர்களில் சுமார் 12,000 பேரைக் குடியமர்த்திக்கொள்ள ஒப்புக்கொண்டது. சொந்த நாட்டுக்குத் திரும்பினால் பாதுகாப்பு இல்லை என்பதுதான் காரணம்.

ரகன்வெய்ன் மக்களை நான் இந்த வரிசையில் அப்படியே வைக்கவில்லை. அவர்கள் தீண்டப்படாதவர்கள் அல்ல. ஆனால் ஒட்டகம் மேய்க்கிறவன் உயர்ந்தவன், மண்ணைக் கிண்டுகிறவன் தாழ்ந்தவன் என்ற மதிப்பில் அவர்களும் கீழே வைக்கப்பட்டவர்கள். குலமும் சாதியும் ஒன்றல்ல என்று மானுடவியல்காரர்கள் திருத்துவார்கள். சரி, ஒன்றல்லதான். ஆனால் அரிசி மூட்டை இறங்குகிற இடத்தில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

2000ஆம் ஆண்டு ஜிபூத்தியின் அர்த்தாவில் கூடி அதிகாரத்தைப் பங்கு போட்டார்கள். '4.5' என்று அந்தச் சூத்திரத்துக்குப் பெயர். நான்கு பெரிய குலங்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. ரகன்வெய்னும் அதில் ஒன்று. மிச்சம் இருக்கிற ஜரீர், கபோயே எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. ஒரு மனிதனைப் பார்த்து நீ அரை என்று நாட்டின் அரசியல் ஏற்பாடே சொல்கிறது.

3

இப்போது நாவலுக்கு வருகிறேன். நூருதீன் ஃபாரா 1945இல் அந்தப் பைதோவாவிலேயே பிறந்தவர். பார்ரே ஆட்சியின் கோபத்துக்கு ஆளாகி 1970களின் நடுவிலிருந்து நாடுகடந்து வாழ்ந்தவர். அவருடைய 'கிஃப்ட்ஸ்' நாவல் 1990களின் தொடக்கத்தில் வந்தது. நம் மொழியில் 'கொடைகள்' என்று சொல்லலாம். உதவி என்பதன் அரசியலை இவ்வளவு நெருங்கிப் பார்த்த நாவல்கள் குறைவு. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். மோசமான நாவலை விமர்சித்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

துனியா மொகாதிசுவின் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெயருக்கு 'உலகம்' என்று பொருள். சின்ன வயதில் அவளை அவள் அப்பா, கண் தெரியாத தன் வயதான நண்பருக்குக் 'கொடுத்துவிடுகிறார்'. அவளே ஒரு கொடைப்பொருள். அந்த மனிதர் இறந்தபின், பத்திரிகைக்காரன் ஒருவனைக் கட்டி, அவனையும் விட்டு விலகி, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள். ஒருநாள் போசாசோ என்பவன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறான். அங்கிருந்து கதை. யாரிடமும் எதையும் சும்மா வாங்கக்கூடாது என்பது துனியாவின் வைராக்கியம். வாங்கினால் கடன், கடனென்றால் அடிமை. மகள் எங்கிருந்தோ ஒரு அநாதைக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். அதுவும் ஒரு கொடை.

இந்த வீட்டுக் கதைக்கு நடுநடுவே, அத்தியாய முடிவுகளில், ஃபாரா செய்தித்தாள் துணுக்குகளை வைக்கிறார். எந்த நாடு எவ்வளவு தந்தது, எங்கே பஞ்சம் என்று. ஒரு பெண் ஒரு ஆணிடம் வாங்குவதும் ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் வாங்குவதும் ஒரே இலக்கணம் என்று காட்டுவதுதான் நோக்கம். அது சாதாரணக் காரியம் இல்லை. 1980களில் பார்ரே அரசு உதவியின்மேல் உட்கார்ந்துதான் பிழைத்தது. ஒகாதேன் போருக்குப் பிறகு வந்த அகதிகளின் எண்ணிக்கையை அரசு கூட்டிக் கூட்டிக் காட்டியது. உதவி அமைப்புகளோடு பேரம் பேசி ஒரு எண்ணுக்கு வந்தார்கள். அந்த அரிசியில் ராணுவமும் சாப்பிட்டது. கொடுப்பது எப்படி வாங்குகிறவனைக் கூனவைக்கிறது, கொடுக்கிறவனின் கையாளை எப்படிக் கொழுக்கவைக்கிறது என்று ஃபாரா முன்கூட்டியே கண்டுகொண்டார். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்க துனியாவுக்கு ஒரு சம்பளம் இருக்கிறது. ஒரு வீடு இருக்கிறது. மறுப்பதற்கு அவளிடம் ஒரு வாசல்படி இருக்கிறது. பஞ்சமோ அந்த வீட்டுக்குள் செய்தித்தாளாகத்தான் நுழைகிறது. எழுத்தாகத்தான் வருகிறது, ஆளாக வருவதில்லை. 'உதவி வாங்குவது மானக்கேடு' என்பது உதவி கைக்கு வந்துசேர்கிறவனின் பிரச்சினை. வந்தே சேராதவனுக்கு மானம் வேறு இடத்தில் போகிறது. வரிசையில் நின்று, கடைசியில் 'உம் பேரு இல்ல, போ' என்று சொல்கிறார்களே, அங்கே போகிறது. கொடுக்கிறவன், வாங்குகிறவன் என்ற இரண்டு பேரை வைத்து எவ்வளவு நுட்பமாக எழுதினாலும் இந்த மூன்றாவது ஆள் பிரதிக்குள் வரமாட்டான். அவன் பங்கு போடுகிறவன்.

4

அந்த மூன்றாவது ஆளுக்கு மொகாதிசுவின் முகாம்களில் ஒரு பெயர் உண்டு. கறுப்புப் பூனை. 2011 பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் காலி இடத்தில் குச்சியை வளைத்து, கந்தலும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திக் குடிசை போட்டார்கள். அந்த நிலத்துக்கு ஒரு ஆள் 'பொறுப்பாளர்' ஆனான். ஊரில் செல்வாக்கான குலத்து ஆள். பின்னால் துப்பாக்கிக்காரர்கள். எந்த அமைப்பு வந்தாலும் அவன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். குடும்பக் கணக்கு அவனிடம். அரிசி வந்தால் ஒரு பங்கு அவனுக்கு. பங்கு தராதவன் முகாமைவிட்டுப் போகவும் முடியாது. ஆள் குறைந்தால் மூட்டை குறையுமே! ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2013இல் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே முகாம் மக்களை இவர்களின் பணயக் கைதிகள் என்றுதான் சொல்கிறது. அடிபட்டவர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் பெருமளவில் ரகன்வெய்ன், பாண்டு பெண்கள்.

பிறகு அரிசிக்குப் பதில் பணம் வந்தது. கைபேசிக்கே நேராகப் போய்விடும், நடுவில் ஆள் கிடையாது என்றார்கள். 2023இல் ஐ.நா.வின் உள் ஆய்வு ஒன்று வெளியே கசிந்தது. நிலத்துக்காரர்கள், உள்ளூர் அதிகாரிகள், பாதுகாப்புப் படையினர், உதவிப் பணியாளர்களில் சிலர் என்று எல்லோரும் கைநீட்டியிருக்கிறார்கள். வந்த பணத்தில் பாதிவரை முகாம் மக்கள் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து பேர் போகும், அல்லது குடிசை போகும். அரைப் பங்கு மனிதர்களுக்கு அரைப் பணம்! ஐரோப்பிய ஒன்றியம் உலக உணவுத் திட்டத்தின் சோமாலியப் பணிக்கான நிதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. திருடியவனுக்கு அதனால் என்ன நஷ்டம்?

நோயும் இந்த வழியாகத்தான் வருகிறது. முகாமில் கழிப்பிடம் இல்லை, குடிநீரும் கழிவும் ஒன்று. 2017 வறட்சியில் சோமாலியாவில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்திபேதி கண்டது. ஏற்கெனவே காய்ந்துபோன குழந்தைக்கு அம்மை வந்தால் போதும், தாங்காது. கிருமி குலம் பார்க்காது என்பது உண்மைதான். ஆனால் கிருமி இருக்கிற இடத்தில் எந்தக் குலத்தைக் குடியிருக்க வைக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. அங்கேயும் நிலையாக விட்டார்களா? 2017 டிசம்பர் கடைசியில், மொகாதிசு ஓரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட முகாம்களை முன்னறிவிப்பில்லாமல் இடித்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நிலத்துக்கு விலை ஏறியிருந்தது.

இன்னொரு ஓட்டமும் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சோமாலியர்கள் உண்டியல் வழியாக ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வெள்ளைக்காரன் உதவிக்கும் சளைக்காத தொகை. சோமாலியர்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள் என்று பெருமையாக எழுதுகிறார்கள். பெருமைதான். ஆனால் வெளிநாட்டில் சொந்தம் இருக்கிற குலத்துக்குத்தானே அது வரும்? 2011இல் பாண்டு குடும்பத்துக்கும் ஏழை ரகன்வெய்ன் குடும்பத்துக்கும் போன் போட லண்டனில் யாரும் இல்லை.

5

இந்த மூன்றாவது ஆளை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது எனக்குப் பதினாலு வயசு. எங்க தெரு கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே. அப்பா உப்பளத்தில் கூலி. அம்மா கரையில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து உள்ளூர்களில் விற்பாள். உப்பளம் சேறாகிப்போனது. கரையில் மீன் இல்லை. நிவாரணம் கொடுக்கிற இடத்தில் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் நாற்காலி போட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். படகு போனவர்கள், வலை போனவர்கள், வீடு போனவர்கள் என்று மூன்று கட்டம். அம்மா போய் நின்றாள்.

"உனக்கு என்ன போச்சு?"

"கூடை போச்சுங்கய்யா."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கூடைக்குக் கட்டம் இல்லை. "உங்க தெருவுக்குள்ள தண்ணி வரலையே" என்றார். வேலைதான் போச்சு, தண்ணி வரலைதான். அம்மா திரும்பி வந்து எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் வெளியூர் லாரி ஒன்று தெருவுக்கே வந்து பழைய துணியைக் கொட்டிவிட்டுப் போனது. அதையும் அவள் எடுக்கவில்லை.

கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் துக்கத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அவர்கள் இழப்பு அவர்களுடையது, அதற்கு ஈடே கிடையாது. நான் பேசுவது அந்த மூன்று கட்டங்களைப் பற்றி. இழப்பு என்றால் என்ன என்று தீர்மானித்த பேனாவைப் பற்றி. அந்த மாதம் தலித் மக்களுக்கு முகாமிலும் பங்கிலும் நேர்ந்ததைப் பிறகு பல மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பணம் உலகம் முழுவதிலுமிருந்து வந்தது. அனுப்பியவர்கள் நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். அந்த நல்ல மனசு, நாற்காலியில் உட்கார்ந்தவர் கைக்கு வந்ததும் ஊர் மனசாக மாறிவிட்டது. துனியாவின் வைராக்கியத்தைப் படித்தபோது எனக்கு அம்மா நினைவுதான் வந்தது. அம்மாவும் துணியை மறுத்தாள். ஆனால் அதற்கு முன்னால் அவளை மறுத்தாகிவிட்டது.

6

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. உதவியே ஏமாற்று, ஆகவே உதவியை நிறுத்து என்று முடிக்கிற விமர்சனம் ஒன்று உண்டு. மைக்கேல் மாரென் என்ற அமெரிக்கர் சோமாலியாவில் உணவு உதவிப் பணியில் இருந்தவர். 1997இல் 'நரகத்துக்குப் போகும் பாதை' என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதினார். அவர் தோலுரித்ததில் பெரும்பகுதி உண்மை. ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சோமாலியா பார்த்துவிட்டது.

2010இல் உலக உணவுத் திட்டம் தெற்கிலிருந்து விலகியது. அல்-ஷபாப் பல அமைப்புகளைத் தடை செய்தது. பயங்கரவாதிகள் கைக்குப் போய்விடும் என்று அமெரிக்கச் சட்டம் இன்னொரு பக்கம் கயிற்றை இறுக்கியது. ஒருவனுக்கு மதம் காரணம், இன்னொருவனுக்குப் பாதுகாப்பு காரணம். 2011 ஜூலை 20இல் பஞ்சம் என்று அறிவித்தார்கள். 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல்வரை சுமார் 2,58,000 பேர் செத்ததாகப் பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதிக்குமேல், சுமார் 1,33,000 பேர், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். 2022 முடிவதற்குள் அடுத்தடுத்து ஐந்து மழைக்காலம் பொய்த்தது. பஞ்சம் என்று முறையாக அறிவிக்கவே இல்லை. அந்த வருஷம் வறட்சியால் கூடுதலாக 43,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 2025இல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே இழுத்து மூடியது. ஊழல், வீண்செலவு என்ற வார்த்தைகளைத்தான் அவர்களும் சொன்னார்கள். நம் விமர்சனத்தின் சொற்கள் அவர்கள் வாயில் எவ்வளவு சுலபமாகப் பொருந்துகின்றன, பாருங்கள்.

ஆகவே நாம் தெளிவாகப் பேச வேண்டியிருக்கிறது. மூட்டையை நிறுத்தினால் கறுப்புப் பூனை பட்டினி கிடக்காது. அவனுக்கு நிலம் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது. சாவது ஜரீர்க்காரியின் பிள்ளை. உதவி வரவேண்டும். அதோடு கேள்வியும் வரவேண்டும். பட்டியலை எழுதுவது யார்? எழுதுகிறவர்களில் அரைப் பங்கு மக்கள் எத்தனை பேர்? பேர் விட்டுப்போனவள் புகார் சொல்ல, அந்தக் குலத்தைச் சேராத ஒரு காது இருக்கிறதா? குலத்தைக் கேட்பது பிரிவினையைத் தூண்டும், நாங்கள் நடுநிலை என்று உதவி அமைப்புகள் ரொம்ப காலம் சொல்லிவந்தன. சாதியைக் கேட்காமல் நிவாரணம் கொடுத்தோம் என்று இங்கேயும் சொல்வார்கள். கேட்காதபோது ஏற்கெனவே இருக்கிற சாதி பேசாமல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த நடுநிலை நாற்காலிக்காரனுக்குத்தான் உதவுகிறது.

இலக்கியத்திடமும் இதே கேள்வியைத்தான் வைக்கிறேன். ஃபாரா கொடுப்பதின் அதிகாரத்தை எழுதினார். பங்கு போடுவதின் அதிகாரம் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதை மொகாதிசு வீட்டுக்குள்ளிருந்து எழுத முடியாது. வரிசையில் நின்று பேர் இல்லாமல் திரும்பிய ஒரு பாண்டு பெண்ணோ, கபோயே பெண்ணோதான் எழுதவேண்டும். எழுத்து வராவிட்டால் பாடவேண்டும், சொல்லவேண்டும். சோமாலியா கவிதையைக் கொண்டாடுகிற நாடு. அங்கே பெண்களுக்கென்றே தனிப் பாட்டு வடிவம் உண்டு. முகாம்களில் அந்தப் பாட்டு இல்லாமல் இருக்காது. அதைக் கேட்டு எழுதுகிறவர்கள் எந்தக் குலத்துக்காரர்கள், யாருடைய பாட்டைத் தொகுப்பில் சேர்க்கிறார்கள் என்பதும் ஒரு பங்கீடுதான். நம் தொகுப்புகளில் நம் பாட்டிகளின் பாட்டு எவ்வளவு காலம் கழித்து வந்தது?

அம்மா இப்போது இல்லை. அந்தப் பட்டியலில் அவள் பேர் கடைசிவரை ஏறவில்லை. எங்கே வெள்ளம், வறட்சி, நோய் என்று செய்தி வந்தாலும், எவ்வளவு கோடி போயிற்று என்ற வரியைத் தாண்டி நான் தேடுவது ஒன்றைத்தான்: கூடை போனவளுக்கு அங்கே கட்டம் இருக்கிறதா?